நாலாம் பக்கம்

பெப்ரவரி 3, திங்கள்

பதின்மூன்றாம் தரத்தில் ஊடகக் கற்கைக்கு ஐந்து பேர். பன்னிரண்டில் ஒருவரும் சேரவில்லை. அதிபர் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணீர் தந்தபோதே விளங்கிவிட்டது. இந்த மனுசி நல்ல செய்திக்குத் தேத்தண்ணீர் செலவழிப்பதில்லை.

"குலம் சேர், பிள்ளையள் இல்லாத பாடத்துக்கு வலயக் கல்விக் கந்தோரிலை ஆள் தரமாட்டினம். இந்த வருசத்தோடை உயர்தரத்திலை மீடியா இல்லையெண்டு நினையுங்கோ."

"என்னை என்ன செய்யப்போறியள்?"

"நூலகத்துக்கு ஆளில்லை. உங்களுக்கும் வாசிக்கப் பிடிக்குந்தானே."

திருமதி மனோரஞ்சிதம் இரசாயனம் படிப்பித்து அதிபரானவர். அவரைப் பொறுத்தவரை மனிதரில் இரண்டு சாதி: கணக்கு வருகிறவர்கள், மீடியா படிக்கிறவர்கள். சென்னையில் இதழியல் முதுகலை முடித்தவன், யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழுக்குச் செய்தி ஆசிரியனாக இருந்தவன், கடதாசி இல்லாத காலத்தில் கொப்பித் தாளில் பேப்பர் அடித்தவன் என்றெல்லாம் அவரிடம் சொல்லிப் பயனில்லை. சொன்னேன். தலையாட்டினார்.

எழும்பும்போது ஒரு எலும்புத்துண்டு போட்டார். மார்ச்சில் பரிசளிப்பு விழா, வலயக் கல்விப் பணிப்பாளர் வருகிறார். "பிள்ளையளைக் கொண்டு ஒரு பேப்பர் அடிச்சு வெளியிடுங்கோ. அதைக் காட்டி நானும் கதைச்சுப் பார்ப்பன்."

நாற்பத்துநாலு வயதில் பட்டதாரி நியமனத்தில் கிளிநொச்சிக்கு வந்து கரும்பலகை முன்னால் சோக்கட்டி பிடித்தவன் நான். இனி நூலகத்தில் தூசி தட்டலாம்.

பெப்ரவரி 5, புதன்

வகுப்பு நடப்பது விளையாட்டுச் சாமான் அறையில். கிரிக்கெட் மட்டைகளை மூலைக்குத் தள்ளிவிட்டுத் தொடர்பாடல் மாதிரிகள் படிப்பிக்கிறேன். அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர், இரைச்சல். பாடத்திட்டத்தில் கமராவுக்குத் தனி அலகு உண்டு. பாடசாலையில் கமரா இல்லை.

இடாப்புக் கூப்பிட்டேன். மூன்று பெண்பிள்ளைகள் ஒரே மேசையில் இருந்து ஒரே பிழையை விடுகிறவர்கள். கஜீபன், தகப்பனின் போட்டோக்கொப்பிக் கடையில் தட்டச்சுப் பழகியவன், வாய் அதிகம். தவரூபன் எழில்மதி. பல்கலைக்கழகம் போகக்கூடியவள் இவள் ஒருத்திதான். குறைவாகப் பேசி, பேசியதை முழு வசனமாகப் பேசுகிற பிள்ளை.

இந்தப் பாடத்தை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"லேசெண்டு சொன்னவை சேர்," என்றான் கஜீபன். மூன்று பேரும் சிரித்தார்கள்.

எழில்மதி சிரிக்கவில்லை. "எங்கட வீட்டுக்கு மீடியாக்காரர் அடிக்கடி வாறவை. கேட்டுக்கொண்டு போனதை என்னெண்டு மாத்தி எழுதுகினம் எண்டு பழகத்தான் சேர்."

பெப்ரவரி 14, வெள்ளி

பெற்றோர் கூட்டம். விஞ்ஞானப் பிரிவில் வரிசை. என் மேசைக்கு வந்தது ஒரே ஒருவர்: எழில்மதியின் தாய் யோகமலர். பஸ் நிலையத்திலிருந்து நடந்து வரும் வழியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் இருக்கும் பந்தலில் தினமும் காண்கிற முகம். மடியில் கணவனின் சட்டம் போட்ட படம். 2009 மே 18, சண்டை முடிந்த அன்று, பாலத்தடியில் அவரை இராணுவத்திடம் தன் கையால் கையளித்தவர். விசாரித்துவிட்டு விடுவோம் என்று பஸ்ஸில் ஏற்றியதுதான். அதன்பின் கண்டவர் எவருமில்லை. பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது. நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டிருக்கிறார், அது இழுபடுகிறது. கையளித்ததற்கு இவர் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை.

"மீடியாக்காரரிலை எனக்கு நம்பிக்கையில்லை சேர்," என்றார். "மே மாதம் வருவினம். அழுங்கோ எண்டு சொல்லமாட்டினம். ஆனா நான் அழுமட்டும் கமராவை இறக்கமாட்டினம்."

"பிறகேன் மகளை இந்தப் பாடத்துக்கு விட்டனீங்கள்?"

"எங்கட வீட்டிலை ஒராள் எழுதினா, தேப்பன்ர விசயத்தைச் சரியா எழுதும் எண்டுதான்."

நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் இப்படி இருக்கிறவர்களுக்கு யாராவது ஒருவர் நேராகச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். நான் சொல்லவில்லை. என் வேலையல்ல.

பெப்ரவரி 22, சனி

மனைவி வனிதா கொக்குவிலிலிருந்து போன். இந்தக் கிழமையும் வீட்டுக்கு வரவில்லையா என்றாள். இங்கே தண்ணீர் மோட்டர் பழுது என்றேன். அதற்கும் இதற்கும் என்ன என்று கேட்காமல் வைத்துவிட்டாள்.

மார்ச் 4, செவ்வாய்

பேப்பருக்கு 'நாளைய குரல்' என்று பெயர். பிள்ளைகளின் தெரிவு. வாந்தி வருகிறது, ஆனால் வாக்கெடுப்பு வாக்கெடுப்புத்தான்.

முதல் பக்கம் செய்தி, இரண்டாம் பக்கம் ஆசிரியர் தலையங்கமும் கட்டுரையும், மூன்றாம் பக்கம் விளையாட்டு. நாலாம் பக்கம் மரண அறிவித்தல் என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"சிரிக்கிறதுக்கு ஒண்டுமில்லை. எங்கட பேப்பரைச் சனம் எங்கையிருந்து வாசிக்குது?"

"கடைசிப் பக்கத்திலை இருந்து சேர்," என்றான் கஜீபன். "எங்கட அப்பப்பா தன்ர பேர் இல்லையெண்டு பார்த்துப்போட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார்."

அதுதான் உண்மை. அந்தப் பக்கத்தின் கூலியில்தான் மற்றப் பக்கங்களின் வீரம் எல்லாம் அச்சாகிறது. எனக்குத் தெரியும். என் பழைய நாளிதழில் ரமணீதரன் ஆசிரியர் பீடத்துக்கு ஏறியதும் முதல் செய்த வேலை என்னைச் செய்தி மேசையிலிருந்து மரண அறிவித்தல் பக்கத்துக்கு மாற்றியது. எனக்குக் கீழே பயிற்சி நிருபராக வந்து, 'அண்ணை, இந்த வசனம் சரியோ' என்று கொப்பியோடு நின்றவன். 'உங்கட அனுபவம் அங்கைதான் தேவை அண்ணை' என்றான். இரண்டு வருடம் ஊரின் செத்தவர்களுக்குக் கால்புள்ளி போட்டேன். ஒரு நாள் ஒரு பெயரில் எழுத்துப்பிழை வந்தது. அன்றோடு வெளியே வந்தேன். இல்லை, அனுப்பப்படவில்லை. நானாக வந்தேன்.

வீட்டுவேலை கொடுத்தேன்: கற்பனையான ஒருவருக்கு முறைப்படி ஒரு மரண அறிவித்தல். சிறந்தது அச்சாகும்.

மார்ச் 7, வெள்ளி

திருத்தினேன். கஜீபன் அலுவலகத்துப் போட்டோக்கொப்பி மெசினுக்கு எழுதியிருக்கிறான்: 'ஜப்பானைப் பிறப்பிடமாகவும் அதிபர் அறையை வதிவிடமாகவும் கொண்டவரும், நான்கு அதிபர்களைக் கண்டவரும், பரீட்சைக் காலங்களில் மட்டும் நோய்வாய்ப்படுபவரும்...' கெட்டிக்காரன். ஆனால் அச்சிட்டால் நான் நூலகத்துக்குக்கூடப் போகமுடியாது. மூன்று பெண்பிள்ளைகளும் ஒரே கிழவியைக் கொன்றிருக்கிறார்கள்.

எழில்மதியுடையது இது:

'புதுக்குடியிருப்பைப் பிறப்பிடமாகவும் கிளிநொச்சியை வதிவிடமாகவும் கொண்ட நாகேந்திரம் தவரூபன் அவர்கள் இறைவனடி சேர்ந்தார். அன்னார் காலஞ்சென்ற நாகேந்திரம், பாக்கியலட்சுமி தம்பதியினரின் அன்பு மகனும், யோகமலரின் அன்புக் கணவரும், எழில்மதியின் பாசமிகு தந்தையும், சிவரஞ்சினி (கனடா) அவர்களின் பாசமிகு சகோதரனும் ஆவார். அன்னாரின் இறுதிக் கிரியைகள் பற்றி அறிந்தவர்கள் அறியத் தரவும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: மகள்.'

மறைவு என்று எழுதி, திகதிக்கு இடம் விட்டிருக்கிறாள்.

ஒரு சொல்லை எடுக்கவோ வைக்கவோ இடமில்லை. இறுதிக் கிரியை பற்றிய வசனத்தை என் காலத்தில் எந்த உதவி ஆசிரியனும் எழுதியிருக்கமாட்டான். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் போட்டேன். இரண்டு புள்ளி திகதி போடாததற்கு.

பிள்ளைகள் கற்பனைக்குத் தெரிந்த பெயர்களைப் பாவிப்பது வழமைதான்.

மார்ச் 11, செவ்வாய்

முழு நாளும் பக்கம் கட்டினோம். கஜீபன் தட்டச்சு, நான் பின்னால் நின்று சொல்லிக்கொடுத்தேன். விழாவுக்குப் பிரதம விருந்தினரை அதிபர் தெரிந்தெடுத்துவிட்டார்: ஊடகவியலாளர் திரு. ரமணீதரன். நாட்டில் வேறு ஆளே இல்லை. அவன் முதலில் நாலாம் பக்கத்தைத்தான் திருப்புவான். திருப்பட்டும்.

எழில்மதி ஆசிரியர் ஓய்வறை வாசலில் வந்து நின்றாள். என்ன என்றேன்.

"நாலாம் பக்கம் சேர்..."

"நாலாம் பக்கம் எனக்குத் தெரியும். நீர் போய் முதல் பக்கத்திலை ஒப்புநோக்குப் பாரும்."

கொஞ்ச நேரம் கழித்து மீண்டும் வந்தாள். பணிப்பாளரின் வாழ்த்துச் செய்தியில் பட்டங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது போய்விட்டாள்.

அறிவித்தலில் திகதி இடம் வெறுமையாகக் கிடந்தது. திகதி இல்லாமல் ஒரு மரண அறிவித்தல் என் மேசையைத் தாண்டிப் போனதில்லை. 2009 மே 16 என்று போடச் சொன்னேன். கஜீபன் திரும்பிப் பார்த்தான். "போடும்," என்றேன். போட்டான்.

மார்ச் 12, புதன்

அச்சுக்குப் போயிற்று. மோட்டர் திருத்தியாயிற்று.

மார்ச் 21, வெள்ளி

விழா முடிந்தது. வலயப் பணிப்பாளர் பேப்பரை விசிறியாகப் பாவித்தார். ஆனால் ரமணீதரன் நினைத்தபடியே பின்பக்கத்தைத் திருப்பினான். வாசித்தான். மேடையில் அதிபர் பேசிக்கொண்டிருக்க அவன் மறுபடி வாசிப்பதை நான் கீழே இருந்து கண்டேன்.

தன் பேச்சில் மற்ற மூன்று பக்கங்களைப் பற்றிப் பேசவே இல்லை. "கடைசிப் பக்கத்தில் ஒரு அறிவித்தல் இருக்கிறது. இந்த மண்ணின் கதை முழுக்க அதில் இருக்கிறது. இந்தப் பிள்ளைகளின் ஆசிரியர் என்னுடைய ஆசிரியரும்தான்" என்றான். கைதட்டல். அதிபர் என்னைப் பார்த்துச் சிரித்தார், எட்டு வருடத்தில் முதல் தடவை. பணிப்பாளர் விசிறுவதை நிறுத்திவிட்டு வாசித்தார்.

தேத்தண்ணீர் நேரத்தில் ரமணீதரன் கிட்ட வந்தான்.

"அண்ணை, அந்தத் திகதிதான் ஆளைக் கொல்லுது. மே பதினாறு. முடியிறதுக்கு ரெண்டு நாள் முந்தி. அது பிள்ளை போட்டதே?"

"வகுப்பிலை செய்தது," என்றேன்.

"படம் எடுத்து என்ர பேஸ்புக்கிலை போட்டிருக்கிறன்."

மகிழ்ச்சி என்று சொல்லமாட்டேன். கணக்கு ஒன்று நேரானது. பணிப்பாளர் போகும்போது, ஊடகக் கற்கையை இன்னும் ஒரு வருடம் வைத்துப் பார்க்கலாம் என்று அதிபரிடம் சொன்னாராம்.

எழில்மதி விழாவுக்கு வரவில்லை. பரிசு இருந்தும் வரவில்லை.

மார்ச் 24, திங்கள்

இன்றும் வரவில்லை. மற்றவர்களிடம் கேட்டேன். பெண்பிள்ளைகள் மேசையைப் பார்த்தார்கள். கஜீபன் சொன்னான்:

"சேர், அவையின்ர வீட்டுக்குச் சனம் செத்தவீட்டுக்கு வருது."

"என்ன செத்தவீடு?"

"அறிவித்தல் பேஸ்புக்கிலை போட்டுதெல்லோ. கனடாவிலை மாமி பார்த்துப்போட்டு விடியப்புறம் குழறிக்கொண்டு போன் எடுத்தவவாம். ஊராக்கள் சீனியும் தேயிலையும் கொண்டு வந்து நிக்கினம். பந்தல் ஆக்கள் மட்டும் வரேல்லை. யோகமலர் அன்ரி மரணச் சான்றிதழுக்குச் சம்மதிச்சு, அரசாங்கம் குடுக்கிற நட்டஈட்டுக் காசு வாங்கப்போறா எண்டு அவையள் கதைக்கினமாம்."

ஒரு பயிற்சி எது, செய்தி எது என்று பிரிக்கத் தெரியாத வாசகர் கூட்டம். இதற்குத்தான் ஊடக அறிவு என்று ஒரு அலகு இருக்கிறது. அந்த அலகை இன்று படிப்பித்தேன். யாரும் குறிப்பெடுக்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

யோகமலர் பாடசாலைக்கு வந்தார். இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை. பேப்பரை மேசையில் விரித்து, அழாமல், மெதுவாகப் பேசினார். அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"சேர், எழுதினது என்ர பிள்ளைதான். அது தேப்பனுக்கு என்ன எழுதினாலும் நான் பொறுப்பன். அதின்ர மனம் எனக்குத் தெரியும். ஆனா இந்தத் திகதி. பதினெட்டாந் திகதி காலமை பாலத்தடியிலை நான்தான் அவற்ற கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் விட்டனான். கோட்டிலை சத்தியம் பண்ணிச் சொன்னது அது. பதினாறிலை செத்த மனுசனை நான் பதினெட்டிலை என்னெண்டு கையளிக்கிறது?"

நான் பேப்பரைப் பார்த்தேன்.

"ஏப்ரல் ஒன்பதிலை வழக்கு. எங்கட லோயர் சொல்லுறார், மற்றப் பக்கத்தார் இந்தப் பேப்பரை எடுத்துவைச்சிட்டினமாம். குடும்பமே செத்த திகதி போட்டு அறிவிச்சுப்போட்டுதாம். நான் சொன்னது பொய்யாம்."

"இது பள்ளிக்கூடப் பயிற்சி அம்மா. கோட்டுக்கு விளங்கும்."

"அப்ப அதை எழுதித் தாங்கோ. திகதி பிள்ளை போடேல்லை, குடும்பம் போடேல்லை எண்டு. அவள் உங்களைச் சொல்லுறாள் சேர். நீங்கள்தான் போட்டதெண்டுறாள். படிச்ச சேர் ஒராள் அப்பிடிச் செய்யாரெண்டு நான் அவளுக்கு அடிச்சும் போட்டன். வளர்ந்த பிள்ளைக்கு."

பிழை எங்கே நடந்தது என்று பார்க்கிறேன் என்று சொன்னேன். அது பொய்யில்லை. அச்சில் பிழை பல இடங்களில் நடக்கலாம்.

மார்ச் 27, வியாழன்

எழில்மதி வந்தாள். வகுப்புக்கு இல்லை, என்னைப் பார்க்க. கிரிக்கெட் மட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"சேர், அம்மாட்டைச் சொல்லுங்கோ."

"என்னத்தை?"

"திகதி நான் போடேல்லை எண்டு. எனக்குத் தெரியாத திகதியை நான் என்னெண்டு போடுறது? தெரியாதபடியாத்தான் இடம் விட்டனான். அதாலைதான் அந்த அறிவித்தலே எழுதினனான்."

"கற்பனையான ஆளுக்கு எழுதச் சொன்னால் நீர் வீட்டு ஆளுக்கு எழுதினீர். நான் கற்பனை எண்டு நினைச்சு நிரப்பினன்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பரீட்சையில் கேள்வியை இரண்டாந்தரம் வாசிக்கிற பிள்ளை.

"கற்பனை எண்டு நினைச்சா, ஏன் சேர் 2009 போட்டனீங்கள்?"

இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஆசிரியர்களைக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள். பாடம் தொடங்கப்போகிறது, போய் இரும் என்றேன். அவள் இருக்கவில்லை, போய்விட்டாள். மற்ற நாலு பேருக்கும் வாயில்காப்பாளர் கோட்பாடு படிப்பித்தேன்: எந்தச் செய்தி உள்ளே வரவேண்டும், எது வரக்கூடாது என்று தீர்மானிக்கிறவன்.

மார்ச் 28, வெள்ளி

அதிபர் கூப்பிட்டார். தேத்தண்ணீர் தந்தார்.

"குலம் சேர், ஒண்டிலும் கையெழுத்து வைக்காதையுங்கோ. கோட்டு விசயம். பள்ளிக்கூடத்தின்ர பேர் வந்தா வலயத்திலை என்னைத்தான் கேப்பினம். உங்கட பாடமும் ஒரு வருசம் தப்பியிருக்கு."

இந்த மனுசி சொன்னதற்காக நான் ஒரு காரியத்தைச் செய்யாமல் விடுகிறவன் அல்ல. ஆனாலும் கடிதம் எழுதுவதற்கு முன் எல்லாப் பக்கமும் யோசிக்கவேண்டும். அவசரத்தில் எழுதியவைதான் என்னை எப்போதும் கவிழ்த்தன.

ஏப்ரல் 1, செவ்வாய்

பஸ் நிலையத்திலிருந்து பின்வீதியால் நடந்து வந்தேன். அங்கே நிழல் அதிகம்.

ஏப்ரல் 3, வியாழன்

மூன்று வரைவு எழுதினேன். முதலாவது நீளம். இரண்டாவதில் 'என்னால்' என்ற சொல் நாலு இடத்தில் வந்தது. நல்ல வசனத்தில் அப்படி வராது. மூன்றாவதை முடிக்கவில்லை. அரிசி முடிந்துவிட்டது, கடைக்குப் போனேன்.

ஏப்ரல் 5, சனி

ரமணீதரன் போன் எடுத்தான். யோகமலரின் சட்டத்தரணி அவனுடனும் பேசியிருக்கிறார். பேஸ்புக்கில் பரப்பியது அவன்தானே.

"அண்ணை, நான் படத்தை எடுத்திட்டன். அது காணாது. எங்கட பேப்பரிலை ஒரு திருத்தம் போடுவம். திங்கட்கிழமை வந்தா ஒன்பதாந் திகதிக்கு அந்த மனுசிக்கு உதவும். நடந்ததை நடந்தபடி நீங்களே எழுதி அனுப்புங்கோ. உங்கட பேரோடை போடுறன்."

"பேர் தேவையில்லை."

"பேர் இருந்தா நல்லம் அண்ணை. ஆர் திகதி போட்டது எண்டதுதானே கதை."

அவன் குரலில் கரிசனை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் பெயரை அந்தப் பேப்பரில் மறுபடி அச்சிட அவனுக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் ஒரு பிழைத்திருத்தம். செய்தி மேசையில் அதை வாசித்து யார் யார் சிரிப்பார்கள் என்று எனக்குப் பெயர் பெயராகத் தெரியும்.

எழுதி அனுப்பினேன்: 'பாடசாலை ஒன்றின் பயிற்சி இதழான நாளைய குரலின் நாலாம் பக்கத்தில் வெளியான மரண அறிவித்தல், மாணவி ஒருவரின் பாடப் பயிற்சியாகும். அதில் இடம்பெற்ற பெயர்களும் திகதியும் யாவும் கற்பனையே என்பதை அறியத்தருகிறோம்.'

இறுக்கமான வசனம். ஒருவருக்கும் காயமில்லை. பாடசாலையின் பெயர் இல்லை, பிள்ளையின் பெயர் இல்லை. திகதி கற்பனை என்று தெளிவாக வருகிறது. வழக்குக்கு வேண்டியது அதுதானே.

ரமணீதரன் திரும்ப எடுத்தான். "அண்ணை, இதுதானோ?" என்றான். இதுதான் என்றேன். சரி என்றான்.

ஏப்ரல் 7, திங்கள்

வந்திருக்கிறது. ஏழாம் பக்கம், கீழ்மூலை. ஒரு எழுத்துப்பிழையும் இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

விடுமுறைக்கு முந்திய கடைசி நாள். பிள்ளைகள் போனபின் யோகமலர் வந்தார். கஜீபனும் கூட வந்து வாசலில் நின்றான்.

"வழக்கு என்ன மாதிரி?" என்று நான்தான் முதலில் கேட்டேன்.

"தள்ளிப்போட்டிருக்கு. அடுத்த திகதி சொல்லேல்லை." இந்தத் தடவை இருந்தார். "எங்கட லோயர் உங்கட திருத்தத்தைக் குடுத்தவர் சேர். மற்றப் பக்கத்து லோயர் அதை வாங்கி வாசிச்சவர். பேர்களும் கற்பனையாம், அப்ப தவரூபன் எண்டொரு ஆள் இருந்ததே சந்தேகம், மனுவே ஆருக்கு எண்டு கேட்டவர். கோட்டிலை சனம் சிரிச்சது."

"அது வாதத்துக்குச் சொல்லுறது அம்மா. கலியாணப் பதிவு இருக்கு, பிறப்புச் சான்றிதழ் இருக்கு."

"இருக்கு சேர். எல்லாம் குடுப்பம். பதினாறு வருசம் அவர் எங்கை எண்டு கேட்டுக்கொண்டு திரிஞ்சனான். இனி அவர் இருந்தவர் எண்டு காட்டிப்போட்டுத்தான் எங்கை எண்டு கேக்கவேணும்."

கஜீபன் வாயைத் திறந்தான். "சேர், நான் அன்ரிட்டைச் சொல்லிப்போட்டன். ரைப் பண்ணினது நான்தானே. நீங்கள் சொல்லத்தான் போட்டனான் எண்டு."

"உம்மை ஆர் கேட்டது?"

"ஆரும் கேக்கேல்லை சேர். அதாலைதான் சொன்னனான்."

தட்டச்சு செய்தவனுக்கெல்லாம் வாய் வந்துவிட்டது. அவனை வெளியே போகச் சொன்னேன். போகவில்லை.

யோகமலர் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். "பெரிசா ஒண்டும் வேண்டாம் சேர். திகதியைப் பற்றிக்கூட எழுதவேண்டாம், உங்களுக்குப் பிரச்சினை எண்டா. தவரூபன் எண்டு ஒராள் இருந்தவர், அவர் எழில்மதியின்ர தேப்பன் எண்டு மட்டும், அவளுக்குப் படிப்பிக்கிற ஆளா எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ. பேப்பரிலை இல்லையெண்டு எழுதினது நீங்கள்தானே. அதைப் பார்த்திட்டு அவள் ஒரு கதையும் இல்லை. புத்தகங்களைக் கட்டி மேலை போட்டிட்டாள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போறன் எண்டுறாள்."

அதிபரின் எச்சரிக்கையை நான் யோசிக்கவில்லை. சட்டப்படி யோசித்தேன். எனக்கு நேரடியாகத் தெரியாத ஒன்றை நான் எப்படி உறுதிப்படுத்துவது? இதழியலில் முதல் பாடம் அது. அதையே சொன்னேன்.

"நான் அவரைக் கண்டதில்லையே அம்மா."

அவர் தாளைத் திருப்பி எடுத்து மடித்தார். கோபம் இல்லை. உண்மையாகவே அறிய விரும்புகிறவர் மாதிரிக் கேட்டார்.

"திகதி போடேக்கை கண்டனீங்களே சேர்?"

மே 5, திங்கள்

இரண்டாம் தவணை. நாலு பேர். கஜீபன் என் பாடத்துக்கு வந்து இருக்கிறான், கேட்டால் மட்டும் பதில் சொல்கிறான். எழில்மதி விலகிவிட்டாள் என்று அதிபர் சொன்னார். பரீட்சை விண்ணப்பத்தையும் திருப்பி வாங்கிவிட்டாளாம். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று போனால் இந்தப் பாடத்துக்குப் பெறுபேறு இல்லை, பெறுபேறு இல்லாவிட்டால் பணிப்பாளர் சொன்ன ஒரு வருடமும் இல்லை. ஜூனில் நூலகத்தைப் பொறுப்பெடுக்கச் சொன்னார் அதிபர்.

தொழிற்சாலை பஸ் விடிய ஆறரைக்குச் சந்தியில் நின்று ஆட்களை ஏற்றுகிறது. பின்வீதியால் வந்தாலும் அந்தச் சந்தியைக் கடக்கத்தான் வேண்டும். எழில்மதி யன்னலோரம் இருந்தாள். கண்டேன். அவள் என்னைக் காணவில்லை என்று எழுதலாம். எழுதுகிறேன்: அவள் என்னைக் காணவில்லை.